மூன்று வளையம் குறைவு

நாடா கட்டுவது என் வேலை.
சிவப்பு என்றால் வெட்டு, நீலம் என்றால் விடு.
இந்தப் பைனுக்குச் சிவப்பைக் கட்டி முடித்தபிறகுதான்
வடக்குப் பக்கம் சுற்றி வந்தேன்.

ஓர் ஆள் உயரத்துக்குப் பட்டை இல்லை.
இருபுறமும் உதடு சுருண்டு மூடப் பார்த்து
மூட முடியாமல் நின்றுபோன வாய்.
உள்ளே சாம்பல் நிறக் கட்டை.
அதில் எலும்புக் கத்தி இழுத்த கீறல்.

ரிஸ்தெனை அழைத்தேன்.
அழைக்காமலும் இருந்திருக்கலாம்.

யொக்மொக்கிலிருந்து வந்தாள்,
மஞ்சள் பூட்ஸ், பையில் குழல் துரப்பணம்.
தடவிப் பார்த்து,
"யாரோ இங்கே சாப்பிட்டிருக்கிறார்கள்" என்றாள்.

வெளிப்பட்டையை அல்ல. அது செத்த செதில்,
தீக்கும் பனிக்கும் வண்டுக்கும் முன்னால் நிற்கும் காவல்.
அதற்குள்ளே ஈரமாய், வெள்ளையாய் இன்னொரு பட்டை:
ஊசியிலை சமைத்த சர்க்கரை
வேருக்கு இறங்கும் வழி.
ஜூனில் அது நனைந்த சட்டைபோல
இழுத்த இழுப்புக்குக் கழன்று வருமாம்.
பிர்ச் பட்டையில் சுற்றிக் குழியில் இட்டு
மேலே நெருப்பு மூட்டினால்
சில நாளில் சிவந்து இனிக்குமாம்.

பஞ்சமா, என்று கேட்டேன்.
"இல்லை, ஹென்னிங். கலைமான் பாலோடு தின்ன."

முழுக்கச் சுற்றி உரித்திருந்தால்
வேர் பட்டினியில் கிடந்து மரம் பட்டிருக்கும்.
உரித்தவள் (ரிஸ்தென் 'அவள்' என்றே சொன்னாள்)
ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு
மறுபக்கத்தை மரத்துக்கு விட்டிருக்கிறாள்.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது.
அதற்குத் தெரிந்தது ஓர் எண்: 1850.
வடு அதற்கு முந்தி என்றால் மரம்.
பிந்தி என்றால் பலகை.

உதடருகே துரப்பணம் கிறீச்சிட்டது.
பென்சிலை விட மெலிந்த குச்சி ஒன்று
பிசின் மணத்தோடு வெளியே வந்தது.
காகித ஸ்ட்ராவை நீட்டினேன். குளிரில்
விரல்கள் மரத்துப் போயிருந்தன.
யார் வைத்த சொல்லோ அது.

லென்ஸில் பார்த்தேன்.
வசந்தத்தின் குழாய்கள் அகலம், சுவர் மெலிசு,
தண்ணீருக்கு அப்படி அவசரம்.
கோடை முடிவில் நெருங்கிக் கறுத்திருந்தன, பாரம் தாங்க.
ஒரு வெளுப்பு, ஒரு கறுப்பு: ஓர் ஆண்டு.
அத்தனையும் செத்த குழாய்கள்.
செத்த பிறகுதான் அவற்றுக்கு வேலையே.
இன்னும் உள்ளே, துரப்பணம் தொடாத இடத்தில்,
தண்ணீரும் ஏறாத, வைரம் பாய்ந்த காழ்.
பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மட்டும்
நகத்தைவிட மெலிந்த ஒரு படலம்.
உள்ளே கட்டை, வெளியே பட்டை என்று
இருபுறமும் பெற்றுப் போடுவது அதுதான்.
இத்தனை பெரிய மரம் ஓர் ஈரத்தாளில் வளர்கிறது.

ரிஸ்தென் எண்ணினாள். 1852.
மறுபடி எண்ணினாள். 1852.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
நாடாவை மாற்ற வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம்.

அவள் எதிர்ப்பக்கம் போய் இன்னொரு முறை துளைத்தாள்.
ஜீப் பானெட்டில் இரண்டு குச்சிகளையும்
அருகருகே கிடத்தினாள்.
குளிர் நீண்ட ஆண்டுகளின் ஒடுங்கிய கோடுகள்
ஒன்றுக்கொன்று சரியாய்ப் பொருந்திக்கொண்டே போய்
வடுவின் கிட்டே இடறின.
அதில் மூன்று கோடு உண்டு. இதில் இல்லை.

"உரித்த பக்கம் மூன்று வருஷம்
கட்டையே வைக்கவில்லை.
சாப்பாடு இறங்கவில்லை,
எதை வைத்துக் கட்டும்?"

1849.

சிவப்பு முடிச்சு இறுகிவிட்டிருந்தது.
விரல் ஒத்துழைக்காமல் பல்லால் அவிழ்த்தேன்.
நாடாவில் பிசின்.
இனிக்கும் என்று ஏனோ எதிர்பார்த்தேன்.
கசந்தது.

அடுத்த பைனை
இந்த முறை வடக்கிலிருந்து தொடங்கிச் சுற்றினேன்.
பட்டை முழுசாய் இருந்தது, ஒரு கீறல் இல்லை.
சிவப்பைக் கட்டினேன்.