பதினாறில் ஒன்று

சரளைச் சாலைப் பள்ளத்தில் இறங்கிய நாளிலிருந்து
ஃபோர்டு வலப்பக்கம் இழுக்கிறது.
யார் ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம்.
மைனாட் பட்டறைக்காரன் கேட்கிற தொகைக்கு
ஆறு மூட்டை கன்றுத் தீவனம் வரும் என்கிறார் வெர்னன்.
என்னிடம் சொல்லவில்லை. நாயிடம் சொன்னார்.

ஒன்பது நாளாகப் பேச்சில்லை.

சமையலறைக்குப் போட்டு மிஞ்சிய ஓடுகள்
இரண்டிரண்டாய், நடுவே கிரீஸ் தடவி,
முன்சக்கரங்களுக்கு அடியில்.
ஸ்டீயரிங் அசையாதிருக்க
சீட்டோடு சேர்த்துக் கட்டியது என் பழைய பெல்ட்டு, கேட்காமலே.
துருப்பிடித்த கம்பிக்கு எண்ணெய் விட்டு
ஒரு காபி நேரம் காத்திருந்தார்.
எல்லாம் ஒற்றையாளாய்ச் செய்துவிடலாம்,
டேப்புக்குத்தான் இரண்டு முனை.

வாசலில் வந்து நின்றார்.
நாய் என்னைப் பார்த்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

முன்விளிம்பில் "அறுபத்தாறேகால்" என்றேன்.
அந்தப் பக்கமிருந்து "ம்".
பின்விளிம்பில் "அறுபத்தாறு".
"அப்போ விரிஞ்சு கிடக்கு."
"ஆமா. விரிஞ்சுதான் கிடக்கு."

அரைச் சுற்று. பம்பரை அமுக்கிவிட்டு மறுபடி டேப்.
கால் சுற்று. மறுபடி.
எண்களைத் தவிர எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.
இருட்டுகிற நேரம்
முன்பக்கம் பதினாறில் ஒரு பங்கு குறைந்தது.
நிற்கும்போது கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தால்தான்
ஓடும்போது நேராகுமாம்.
இதை நாயிடம் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் அறுபது மைலில்
கையை எடுத்தார்.
வண்டி நேராய்ப் போனது,
ஸ்டீயரிங் மட்டும் கோணலாய்.
"நாளைக்குப் பார்க்கலாம்."
"காலையில பனி கொட்டும்."
"அப்போ மத்தியானம்."