சஸ்பென்ஸ் கணக்கு

"ஊசியப் பிடுங்கிட்டு ஊசி போடப்போறியாக்கும், தங்கச்சி"
என்று சிரித்தார் பீர்முகமது,
புகைக்குழாயில் துளையிட்டு
ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஒரு நட்டை வெல்டிங் வைத்தபடி.

கானாடுகாத்தான். பங்குனி வெயில்.
முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் இன்னொரு தெருவிலும் திறக்கிற வீட்டின் பின்கட்டில்
ஐம்பத்தாறாம் வருஷத்து மோரிஸ் மைனர்.
ஆத்தங்குடித் தரையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும்
பில்லில் கழிப்பேன் என்று நாச்சம்மை சொல்லியிருந்ததால்
கீழே மூன்று போர்வை, மேலே தார்ப்பாய்,
அதற்கும் மேலே நான், மல்லாக்க.

நாச்சம்மை ஆடிட்டர்.
காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக் கெஞ்சி,
சேலை முழுக்க பெட்ரோல் வாடையோடு
காரைக்குடி ஆபீசில் போய் உட்கார்ந்து அலுத்தவர்.
"வண்டி இதேதான் இருக்கணும்.
வாடை மட்டும் போகணும்."

முதல் நாளே பேட்டரி என்னைத் தடுத்தது.
இந்த வண்டிக்கு உடம்பெல்லாம் பாசிட்டிவ்.
பார்க்காமல் மாட்டியிருந்தால்
நாற்பதாயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டர் ஒரு தீக்குச்சி.
டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்தேன்.
துருவம் மாறியது.
வைப்பர் சற்று யோசித்துவிட்டு ஓடியது.
ரேடியோ ஓடவில்லை;
அது முன்பும் ஓடியதில்லை.

டேங்கைக் கவிழ்த்தால் செம்மண் ரசம்.
மூன்று நாள் அலசினேன்.
இன்ஜெக்டரின் துளை மயிரிழை,
துருவின் ஒரு தூள் போதும் அதை ஊமையாக்க.

பிறகு கார்புரேட்டர்.
மூடியைத் தூக்கினால் பிஸ்டன்,
பிஸ்டனின் அடியில் பித்தளை ஊசி,
போகப்போக மெலிவது.
எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை
அந்த மெலிவில்தான் எழுதியிருந்தார்கள்.
மைக்ரோமீட்டரால் கோடு கோடாக அளந்து
லேப்டாப்பின் கட்டங்களில் இறக்கினேன்.
பதினாறுக்குப் பதினாறு.
எட்டிப் பார்த்த நாச்சம்மை கேட்டார்:
"இதுல இருப்பு எங்க?"

மூன்றாம் கோட்டில் ஊசி இடறியது.
எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு பள்ளம்.
யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.
பிழை என்று எண்ணி
நான் வளைவை நேராக்கினேன்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது,
கெஞ்சாமல்.
பிறகு ஐட்லிங்கில் மட்டும் மூச்சு வாங்கியது:
ஏறும், இறங்கும், ஏறும்.
காற்று அதிகம் என்றது சென்சார்.
பள்ளத்தைத் திரும்ப எழுதினேன்.
அமைதி.

அங்கேயே நிறுத்தியிருப்பேன்.
மணி ஏழு, பசி,
பீர்முகமது புதுவயலுக்குக் கடைசி பஸ் என்று போய்விட்டார்.

"அது என்ன, அந்த ஒரு எண் மட்டும் துருத்திக்கிட்டு?"
சொன்னேன்.
"கணக்கு இடிக்கிறப்ப நாங்களும் இப்படித்தான்,
சஸ்பென்ஸ்னு பேர் போட்டு எழுதிவைப்போம்.
ஆனா மார்ச் முடியறதுக்குள்ள
அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாகணும்."
அன்று மார்ச் இருபத்தொன்பது.

ஸ்ப்ரே டப்பாவை எடுத்து
மேனிஃபோல்டின் ஓரமாக ஊதிக்கொண்டே போனேன்.
பின்பக்க மூலையில், விரல் நுழையாத இடத்தில்,
எஞ்சின் சட்டென்று குரல் உயர்த்தியது.
கேஸ்கெட்டில் வெடிப்பு.
எத்தனை வருஷமோ அந்த வழியாகத் திருட்டுக்காற்று குடித்திருக்கிறது.
ஓட்டையைத் தேடாமல் ஊசியைத் தேய்த்தவர்
அன்றைக்கு அவருக்கும் பசித்திருக்கலாம்.

புது கேஸ்கெட். பள்ளத்தை அழித்தேன்.
ஊசியை ஒரு மருந்துச் சீசாவில் போட்டு நாச்சம்மையிடம் கொடுத்தேன்.
"வவுச்சர்" என்றார், வாங்கி வைத்துக்கொண்டார்.

சோக் குமிழ் இப்போது எதையும் இழுப்பதில்லை.
எடுத்துவிடவா என்றதற்கு முறைத்தார்.
அதன் கம்பியின் முனையில் ஒரு சுவிட்சை ஒளித்தேன்:
இழுத்தால்தான் பம்புக்கு உயிர்.
திருட வருகிறவனுக்குத் தெரியாது.

தெரியாமல் நான்தான் மறுநாள்
பின்தெருவில் பத்து நிமிஷம்
செல்ஃபை அடித்துக்கொண்டிருந்தேன்.