கடைசியிலிருந்து எண்ணுதல்

எத்தனை கிலோ இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
என்னைப் போன்றவர்கள் அந்த எண்ணை
எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.
லாஹ்தியின் பனித்தாவல் மேடையில்
காற்று என்னைக் கடை ரசீதுபோல் தூக்கிப் போனது.
அது போதும் உங்களுக்கு.

பயிற்சியாளர் ஹன்னு திட்டியதே இல்லை.
தராசைக் காலால் என் பக்கம் தள்ளுவார்,
நாய்க்குத் தட்டைத் தள்ளுவதுபோல்.
குறைந்திருந்தால் தோளில் ஒரு தட்டு.
அந்தத் தட்டுக்காக
இரண்டு குளிர்காலம் வெள்ளரிக்காய் தின்றேன்.

கைகளில் பூனைமுடி முளைத்தது.
சவுனாவின் மேல்பலகையிலும் பல் கிட்டித்தது.
அக்கா தூலியா என் முதுகைப் பார்த்தாள்,
வெளியே போய் விறகு பிளந்தாள்,
அந்த வருடத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக.

மருத்துவமனையில் முதல் வாரம் எல்லாம் கரண்டிக் கணக்கு.
பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று நிறையக் கொடுத்தால்
இதயம் தடுமாறுமாம்.
காலையில் ரத்தம் எடுத்த பிறகுதான்
கஞ்சியின் அளவு முடிவாகும்.

பிறகு ராயா வந்தாள், உணவியலாளர்,
கையில் ஆளிவிதை எண்ணெய்க் குப்பி.
கஞ்சியின் நடுவில் மஞ்சளாய் ஒரு குளம்.
நான் கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன்,
நாற்பது நிமிடம்.

அவள் அவசரப்படுத்தவில்லை.
கடித உறையின் பின்புறம்
ஏறி இறங்கும் ஒரு கோடு வரைந்தாள்.
"படிக்கட்டு என்று வைத்துக்கொள்.
கடைசிப் படியிலிருந்து எண்ணு.
மூன்றாவதில் ஒரு வளைவு, பார்த்தாயா?
அதைப் போட உன் உடம்புக்குத் தெரியாது.
என் உடம்புக்கும் தெரியாது.
ஆளியோ பாசியோ மீனோ
போட்டுத்தான் தர வேண்டும்."

எல்லாம் நேராக இருந்தால்
செல்லின் சவ்வு விறைத்துப்போகுமாம்,
வளைவிருந்தால்தான் நெகிழுமாம்.

தரையிறங்கும்போது முழங்கால் மடங்காவிட்டால்
என்ன ஆகும் என்று அவளுக்குச் சொன்னேன்.
அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஈரத்தைக் கழித்துவிட்டால்
மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பு என்றாள் இன்னொரு நாள்.
அப்படியானால் இத்தனை காலம்
நான் இளைக்கப் பார்த்தது எதை?

"இந்த எண்ணெய் என்னைச் சரியாக்குமா?"
"தெரியாது. ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன.
ரொட்டி, உருளைக்கிழங்கு, வெண்ணெய், அப்புறம் இது.
மருந்து என்றால் கண்ணை மூடிக் குடித்துவிடுவாய்.
அதனால்தான் சாப்பாடு என்கிறேன்."

ஏரியில் பனி உடைந்த வாரம்
தூலியா பொட்டலத்தோடு வந்தாள்.
முயிக்கு, விரல்நீள மீன்,
கம்புமாவுக்கு அண்ணன்போல் கறுத்த ரை மாவில் புரட்டி
வெண்ணெயில் பொரித்தது.
தலையும் கண்ணும் முள்ளுமாக அப்படியே தின்ன வேண்டும்.
மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது.
துடைக்கவில்லை.

பொய்.
இரண்டு முறை துடைத்தேன்.
மூன்றாவது முறை நக்கினேன்.

நேராக ஏறவில்லை எதுவும்.
ஜூனில் ஒரு வாரம் ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளித்தேன்.
ஜூலையில் ரேப்சீட் வயல்கள் மஞ்சளாய்ப் பூத்தபோது
பேருந்திலிருந்து பார்த்து,
எத்தனை குப்பி தேறும் என்று
வெறுப்பில்லாமல் கணக்குப் போட்டேன்.

ஆகஸ்டில் ஹன்னு அழைத்தார்.
இலையுதிர்கால முகாமில் ஓர் இடம் இருக்கிறதாம்.
"சாப்பாட்டில் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும், தோக்கோ."
"தராசில் நீங்களே ஏறிக்கொள்ளுங்கள்" என்றேன்,
மரியாதையாகத்தான்.

அடுப்படியில் தூலியா சிரித்த சிரிப்பில்
மாவு தரையெல்லாம் கொட்டியது.

"உனக்குக் கொழுப்பு" என்றாள்.

ஆமாம்.
கொஞ்சம்தான்.
இன்னும் வரும்.