பதினோராம் நாள்

செவ்வாற்றுக் கழிமுகத்தில்
நாற்பத்திரண்டு பன்றிகளையும் சுண்ணாம்பிட்டுப் புதைத்தாயிற்று.
கொட்டிலுக்கு மருந்தடிக்க ஆட்கள் வருமுன்
கலனுக்குப் போகும் வாய்க்காலை
ஈரச்சாக்கால் அடைத்துவிட்டாள் குயென்.
ஏனென்று அவளுக்கே தெரியாது.

திருகைத் திருப்பினால் இன்னும் நீலமாய் எரிகிறது.
மண்ணுக்கடியில் இருக்கும் கலனுக்கு
மேலே நடந்ததை யாரும் சொல்லவில்லை.
அரிசி வேகிறது; தேநீர் கொதிக்கிறது.
வங்கியில் நட்டக் கணக்கு எழுதியபோது
இந்தச் சுடரை எந்தப் பக்கம் எழுதுவதென்று
பேனாவைக் கடித்தாள்.

பதினோராம் நாள் சுடர் மஞ்சளாகி
இருமுறை துள்ளி
குட்டையாயிற்று.

வெளிக்குழியில் கூழை மொண்டு
கீரைப்பாத்திக்கு ஊற்றினாள். நாற்றமே இல்லை.
வேலிக்கப்பால் தோவான்,
எருமைச்சாணம் அரைவண்டி கிடக்கிறது என்றான்,
எங்கோ பார்த்தபடி.

சாக்கை உருவிக்கொண்டே கேட்டாள்:
"என்ன விலை?"