அச்சு

இரவு பத்தரை. மேசையில்
கஸ்தூரியார் வீதியில் வாங்கிய பழைய மடிக்கணினி.
அடைப்புக்குறி விசை
இரண்டு தரம் குத்தினால்தான் ஒரு தரம் விழும்.
முன்னம் வைத்திருந்தவர் கலியாண வீடியோ வெட்டுகிறவர் போல;
அழிக்க மறந்த கோப்புறை ஒன்றில்
கழுத்தில்லாமல் ஒரு மாலை
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பைதான் இறங்கிவிட்டது.
வரைபடம் கீறும் பொதி
அறுபத்திரண்டு வீதத்தில் நின்றது, டேட்டா முடிந்து.
தம்பி தன் போனை யன்னல் கம்பியில் செருகி
ஹொட்ஸ்பொட் போட்டான்.
கட்டிலில் ஒரு கோடு, யன்னலில் மூன்று கோடு:
வேலணையில் சிக்னல் அப்படித்தான்.

சுகிர்தன் தண்ணிப் பவுசர் ஓடுகிறவன்.
ஆரும் கேட்காமல் நாலு வருசமாய்
பதினொரு கிணற்றின் சவரை அளந்து
சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்தவன்.
டீசல் கணக்கும் சவர்க் கணக்கும் ஒரே பக்கத்தில்.
நான் வங்கியில் காசு எண்ணுகிறவள்.
அவன் வாசிக்க நான் தட்டினேன்.
சில இடத்தில் கேள்விக்குறி.
ஓரிடத்தில் 'மழை' என்று மட்டும்.
ஒரு ஆவணி முழுக்கப் பெட்டிகள் வெறுமை,
குறுக்கே: அம்மாவுக்கு ஒப்பரேசன்.
"சைபர் போடுவமோ?"
"சைபர் எண்டால் நல்லதண்ணி எண்டெல்லோ நினைப்பினம்.
வெறுமையா விடு, அக்கா."
அந்த மாதம் நானும்
வீட்டில் எதையும் எண்ணவில்லை.

முதல் ஓட்டம். சிவப்பில் பிழை.
இருபத்துமூன்று வரி ஏசிவிட்டுக்
கடைசி வரியில்தான் காரணம் சொன்னது:
'மழை'யை எண்ணாக மாற்ற முடியவில்லை.
சுகிர்தன் சிரித்த சத்தத்தில்
அடுத்த வளவு நாய் குலைத்தது.

இரண்டாம் ஓட்டம்.
பதினொரு நீலத் தூண்கள்,
மாதத்துக்கு ஒரு படம்.
மெல்ல நெளிந்தன, மூச்சு விடுகிற மாதிரி.
ஆவணியில் ஒரு கணம் வெறுந்தரை.
திரும்பவும் தூண்கள்.
நாற்பத்தெட்டு மாதம் ஓடி முடிந்தது.
அவன் சிரிக்கவில்லை.
"ஒண்டும் ஏறேல்லையே.
அப்ப நான் அளந்தது பிழையோ?"

நான் இடப்பக்கத்தைப் பார்த்தேன்.
தூண்கள் நின்ற இடத்தில் நிற்க
எண்கள்தான் ஓடியிருக்கின்றன:
எண்ணூறு, ஆயிரத்து நானூறு, மூவாயிரம்.
உப்பு ஏற ஏற
அளவுகோலும் கூடவே ஏறியிருக்கிறது.
மரியாதை தெரிந்த மென்பொருள்;
எதையும் சட்டத்துக்கு வெளியே
தலை நீட்ட விடாது.
இப்படிக் கூட்டங்கள் பல பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு வரி வேண்டும்:
அச்சை ஆணியடித்து வைக்க.
கீழ் எல்லை சைபர்.
"மேல் எல்லை?"
அவன் கொப்பியைப் பார்க்கவில்லை.
"தேத்தண்ணியில பால் திரையத் தொடங்குற இடம்.
இரண்டாயிரத்து ஐந்நூறு."
தட்டினேன். அடைப்புக்குறி, இன்னொரு தரம் அடைப்புக்குறி.

மூன்றாம் ஓட்டம்.
குட்டைத் தூண்கள். ஒரு மழைக்குக் குனிந்தன,
அடுத்த மழைக்குக் குனியவில்லை.
முப்பத்தாறாம் மாதம் சவுக்கங்காட்டுக் கிணறு
கூரையில் முட்டியது.
பிறகு பள்ளிக்கூடக் கிணறு.
பிறகு எங்கள் கிணறு.
"மேல போனது எங்க?"
"இருக்கு. படத்துக்கு வெளியால."
"அப்பிடியே விடு," என்றான்.
"கேக்கட்டும், மிச்சம் எங்க எண்டு."

வீடியோவாய்ச் சேமிக்க இன்னொரு பொதி வேண்டுமாம்.
அது இறங்க முந்தி கரண்ட் போனது.
பற்றரி ஒன்பது வீதம்.
இருட்டில் திரை மட்டும்;
அவன் முகத்தில் நீலம் ஏறி இறங்கி
ஏறிக்கொண்டிருந்தது.

விடிய ஐந்துக்கு பவுசர் உறுமிக்கொண்டு போனது.
கரண்ட் வந்து நான் திறந்தபோது
கோப்புக்கு என்ன பெயர் என்று
கேட்டபடி நின்றது கணினி.