இடக்கை முடிச்சு

மண்டபத்து டூரிங் கொட்டகையில்
மூன்று நாள் மட்டும் என்று ஒட்டியிருந்தார்கள்.
பழைய துப்பறியும் படம், கறுப்பு வெள்ளை.
பெய்தது மழையா, பிலிமில் விழுந்த கீறலா
கடைசிவரை தெரியவில்லை.

கச்சான் காற்றில் திரை உப்பியது.
சுடப்பட்டுக் கிடந்த ஜமீன்தாரின் வயிறும்
கூடவே உப்பி மூச்சுவிட்டது.
தரை டிக்கெட் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
பக்கத்தில் ரெமிஜியுஸ்,
மடியில் தூங்கும் மகளோடு,
கடலைத்தோலை என்மேல் படாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

கடைசி ரீலில் துப்பறிவாளர்
எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்.
துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை.
உயிலைப் பற்றிக் கேட்கவில்லை.
ஒரு போர்வையைத்தான் கேட்டார்.

"செத்தவருக்குக் குளிருமென்று
கழுத்துவரை இழுத்துப் போர்த்தியது யார்?
வெறுத்தவன் கொன்றுவிட்டுப் போயிருப்பான்.
இது, கொன்ற பிறகும் விட்டுப்போக முடியாதவன் வேலை."

கணக்கப்பிள்ளை எழுந்து நின்றார்.
முப்பது வருஷமாய்க் குனிந்த முதுகு
அப்போதுதான் நிமிர்ந்தது.
ஒரே விசில்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
அகப்பட்டாரே என்றல்ல,
அவரைத் தேடி ஒருத்தர்
அந்த மழையில் அவ்வளவு தூரம் வந்தாரே என்று.

என்னைத் தேடி யாரும் வரவில்லை.

போன வருஷம் ஆனியில், முயல்தீவுக்கு இப்பால்,
ரெமிஜியுஸின் சிங்கிவலையை அறுத்தவன் நான்.
காரணம் பெரிதில்லை.
அவனுக்குப் பட்டது, எனக்குப் படவில்லை.
பழி விசைப்படகுக்காரர்கள்மேல் விழுந்தது.
அவன் மனைவியின் தோடு அடகுக்குப் போனபோது
கூடப்போய் விலை பேசியவனும் நான்தான்.

இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாளும்.
கொலைகாரர் யாரென்று தெரிந்துவிட்டால்
படத்தில் அவரைத் தவிர யாருமே இல்லை.
விசாரணைக்கு வந்தவருக்குத் தேநீர் ஊற்றும்போதே
அவர் கை நடுங்குகிறது.
யாராவது பாருங்களேன் என்று
கத்த வேண்டும்போல் இருந்தது.

கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.
மூங்கில் நட்ட குழிகளில் நண்டுகள் குடியேறின.
கொண்டல் இறங்கிய ஒரு காலையில்
ரெமிஜியுஸ் வீட்டு வேலியில்
அந்த மிதவையைப் பார்த்தேன்.

அறுத்த இரவில்,
மிச்ச வலையாவது கடலோடு போகாதிருக்கட்டும் என்று
நான் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தது.
தென்கடல் கரையில்
இடக்கையால் முடிச்சுப் போடுகிறவன்
நான் ஒருத்தன்தான்.

கயிறு உப்பேறி வெளுத்திருந்தது.
முடிச்சை யாரும் அவிழ்த்திருக்கவில்லை.
எத்தனை மாதமாய்த் தொங்குகிறதோ,
எத்தனை தடவை அதைத் தாண்டிப் போய்
அவன் வீட்டில் சோறு தின்றேனோ.

"என்னப்பா வாசல்லயே நிக்கிற,
வாடிப்போய் நடுங்குற" என்று வந்தவன்
தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

எந்தக் கையால் வாங்குவதென்று
எனக்குத் தெரியவில்லை.