அலவாங்கு

மாசி மழை சொல்லாமல் வந்தது.
வெட்டு மெஷின் வட்டையை விட்டுக் கிறுகிய மறுநாள்
வைக்கல் வரிவரியாய்க் கிடந்து நனைந்தது.

இரண்டு நாள் வெயில் போதும் என்றான் கோகுலராசன்.
பேல் கட்டும் மெஷின் மூன்றாம் நாள் மண்டூருக்குப் போய்விடும்,
பிறகு வெல்லாவெளிப் பக்கம் திரும்பியும் பார்க்காது.
ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தேன்.
முறியவில்லை.
கையில் குளிர்ந்தது.
சொன்னேன். சொன்னது
மெஷின் சத்தத்தில் போயிற்று.

நூற்றுப் பன்னிரண்டு பேல்.
மாட்டுக் கொட்டிலை ஒட்டியே அடுக்கி
நீலத் தறப்பாளால் இறுக்கி மூடிக்
கல் வைத்தான்.
காற்றுக்குக்கூட வழியில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிய, பால் கறக்கப் போனால்
ஒரு மணம்.
பாணி காய்ச்சுவதுபோல், புகையிலை ஊறுவதுபோல்.
நல்ல மணம் என்பதுதான் பயமாய் இருந்தது.
தறப்பாளின் உட்புறம் வியர்த்துக் கிடந்தது.

அலவாங்கை நடுவில் குத்திவிட்டு
மூன்று மாடு கறந்து
வந்து இழுத்தேன்.
பிடிக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் கதிரைக் குவித்தால் அதற்குப் பெயர் சூடு.
சூடு வைத்தோம், சூடு மிதித்தோம் என்போம்.
அந்தச் சொல்லுக்குள்
நெருப்பும் படுத்திருந்ததை
என் உள்ளங்கை அன்றுதான் வாசித்தது.

முதலில் மாடுகளை அவிழ்த்து வெளியே விட்டேன்.
மறுகா அவனை எழுப்பினேன்.
வாய்க்காலில் பம்பை இறக்கினோம்.
பக்கத்து வளவுச் சாமித்தம்பி கொக்கத்தடியோடு வந்தார்.
மேலே ஏறப் போனவரைக் காலில் பிடித்து இழுத்தேன்:
உள்ளே வெந்து குழியாய் இருந்தால்
ஆள் போய்விடும்.
ஓரத்திலிருந்து, ஒவ்வொன்றாய்.

நாற்பதாவது பேல் கோப்பி நிறம்.
நாற்பத்தேழாவது கரி.
காற்றுப் பட்டதும் அதன் விளிம்பில்
ஒரு சிவப்பு எறும்பு ஓடியது.
பிறகு பத்து.
தண்ணீர்! தண்ணீர்!

பால் வண்டி வந்து ஹோர்ன் அடித்தது.
புகைக்குள்ளிருந்து கேனை நீட்டினேன்.
இன்றைக்கு அளவு குறைவு என்றான் பொடியன்.
ஓம் என்றேன்.

மிஞ்சிய அறுபதும் முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்கின்றன,
கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்போல்.
கோகுலராசன் போகையில் வருகையில்
ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்கிறான்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அலவாங்கைக் கழுவிக்
கொட்டில் வாசலில்,
என் கைக்கு எட்டுகிற பக்கமாய்ச் சாத்தியிருக்கிறான்.